கருங்காலி நாட்டுக் குலுக்கை

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, ஒரு தேசத்தை ஓர் அரசர் ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் எதையாவது மனதில் போட்டுக்கொண்டால் சுற்றியிருப்பவர்களை நிம்மதியாக இருக்கவிட மாட்டார். ஓர் ஆண்டு மழை பொய்த்தது. அரண்மனைச் சோதிடர் விரல்களை மடக்கிப் பார்த்து, கெட்ட காலம் வருகிறது என்று சொல்லிவைத்தார். அன்று பிடித்தது அரசருக்குக் கவலை.

"பஞ்சமோ படையெடுப்போ, எது வந்தாலும் வெளியிலிருந்து ஒரு பிடி உப்புகூட வாங்காமல் தானே பிழைக்கக்கூடிய நாடு என் ஆட்சியில் எது? அதைக் கண்டறிந்து சொல்லுங்கள். கெட்ட காலம் தீரும்வரை அரண்மனையோடு அங்கே போய்த் தங்கிவிடுகிறேன்" என்றார்.

அந்தக் காலத்தில் ஒரு தேசத்துக்குள்ளேயே பல நாடுகள் உண்டு. இன்றைய மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமைச்சர் விழுப்பரையர் எழுந்து நின்றார். அரசவை விகடன் அம்பலத்தாடியை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அவன் வாயைத் திறந்தால் அரசர் சிரிக்கிறார்; தான் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார். இந்த எரிச்சல் பல காலமாக உள்ளே கிடந்தது.

"அரசே, இந்தப் பொறுப்புக்கு அம்பலத்தாடியைவிடத் தகுந்தவர் இல்லை. ஆனால் வெறும் வாய்ச்சொல் போதாது. தேர்ந்தெடுத்த நாட்டை இந்த அவைக்கே கொண்டுவந்து, அரண்மனைக்கு அது ஏற்றதுதானா என்று கண்ணெதிரே சோதித்துக் காட்ட வேண்டும். அப்படி ஒரு நாடே இல்லை என்று சொன்னாலோ, தங்கள் ஆட்சியைப் பழித்தவனாகிறான். எல்லை தாண்டி விரட்ட வேண்டும்."

அரசருக்கு அது சரியென்று பட்டது. அம்பலத்தாடி கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டான்.

ஆற்றங்கரை நாட்டில் நெல் குவிந்து கிடந்தது. ஆனால் உப்பும் இரும்பும் எண்ணெயும் படகில் வர வேண்டியிருந்தது. படகு நின்றால் அடுப்பும் நின்றுவிடும். மலைக்கோட்டை நாட்டுக்கு எந்த எதிரியாலும் ஏறி வர முடியாது. குடிதண்ணீரும் அப்படித்தான், கீழேயிருந்து ஏற மறுத்தது. கடலோர நாட்டில் உப்பு, மீன் இரண்டையும் தவிர மற்றதெல்லாம் அடுத்தவர் தயவு.

கடைசியாகக் கருங்காலி நாட்டுக்குப் போனான். பார்த்தால் கல்லும் முள்ளும். உள்ளே போனபிறகுதான் விஷயம் புரிந்தது. ஏரியை ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர்வாரி வந்தார்கள். கொல்லரும் குயவரும் அங்கேயே இருந்தார்கள், செக்கும் இருந்தது. உவர்மண்ணைக் கரைத்து உப்புகூடக் காய்ச்சிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு ஆளுயரக் குலுக்கை, அதாவது தானியம் போட்டுவைக்கும் மண் கூடு. அதில் எத்தனை ஆண்டானாலும் கெடாத வரகு. அம்பலத்தாடிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆனால் அவன் வந்த காரணம் தெரிந்ததும் ஊரார் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். அவனுக்குக் கூழ் ஊற்றிய மாராயி என்ற குடியானவப் பெண்தான் பேசினாள்.

"எல்லாம் பாத்து முடிச்சாச்சா சாமி?"

"பார்த்தேன் தாயே. இந்த மாதிரி ஒரு நாட்டை நான் கண்டதில்லை."

"அதை மட்டும் ராசாகிட்டச் சொல்லிராதீங்க. போன பஞ்சத்துல தளபதி ஒருத்தரு ஆளும்பேருமா வந்து தங்குனாரு. அவரு போனப்ப எங்களுக்கு வெதைக்குக்கூட வரகு இல்லை. என் தம்பி அந்த வருசந்தான் போய்ச் சேந்தான். ராசா வந்தா நாங்க எங்க போறது?"

கூழ்க்கலயத்தைக் கீழே வைத்தான் அம்பலத்தாடி. உண்மையைச் சொன்னால் இவர்கள் கதி அதோகதி. பொய் சொன்னால் தன் கதி. சிரிக்கவைத்தே பிழைத்தவனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, "தாயே, உன் குலுக்கையை அப்படியே எனக்குத் தருவாயா? நிரப்பித் திருப்பித் தருவது என் பொறுப்பு" என்று கேட்டான்.

"அடுத்த அறுப்பு வரைக்கும் ஏழு உசுருக்கு அதுதான் சோறு."

"தெரியும். அதனால்தான் கேட்கிறேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பச் சொன்னாள்.

அவை கூடியிருந்த காலைவேளையில் குலுக்கை முற்றத்தில் வந்து இறங்கியது.

"அரசே, தாங்கள் கேட்ட நாடு கருங்காலி நாடு. எந்தக் கெட்ட காலத்தையும் அது தாங்கும்" என்றான் அம்பலத்தாடி.

விழுப்பரையர் சிரித்தார். "நாட்டைக் கொண்டுவரச் சொன்னால் பானையைக் கொண்டுவந்திருக்கிறாயே."

"அந்த நாட்டில் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான், அமைச்சரே. ஒரு வீட்டைக் கொண்டுவந்தால் நாட்டைக் கொண்டுவந்த மாதிரிதான். அரண்மனைக்கு ஏற்றதா என்று சோதிக்கச் சொன்னவர் தாங்கள். ஆகவே அரண்மனை இப்போதே இந்த வீட்டில் குடியேறட்டும். இது தீரும்வரை வேறு களஞ்சியத்தைத் திறக்கக் கூடாது."

அரசருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. உடனே உத்தரவு பறந்தது. உரல்கள் முழங்கின. முதலில் யானைகளுக்குக் கவளம் உருட்டினார்கள். பிறகு குதிரைகள். பிறகு காவலர்கள், பல்லக்குத் தூக்கிகள், பாடகர்கள், அந்தப்புரத்தார், அவர்களுக்கு விசிறி வீசுபவர்கள். உச்சிவேளையில் அரசர் இலை முன் அமர்ந்தார். இலைதான் இருந்தது.

தலைமைச் சமையற்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். "குலுக்கை தீர்ந்துவிட்டது, மகாராஜா. அடியில் இந்த முடிச்சு மட்டும் கிடந்தது. இதையும் குத்திப் பொங்கிவிடவா?"

பழைய சேலைத்துணியில் கட்டிய சிறு மூட்டை. அதைப் பார்த்ததும் அது என்னவென்று அம்பலத்தாடிக்குப் புரிந்துவிட்டது. வண்டி கிளம்பும் முன் அதை எடுத்துக்கொள்ள மாராயிக்கு நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

"என்ன அது?" என்றார் அரசர்.

"விதை வரகு, அரசே. குலுக்கையைக் கொடுத்தவள் அதையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள்."

"இந்தக் குலுக்கை அவர்களுக்கு எத்தனை நாளைக்கு?"

"அடுத்த அறுவடை வரைக்கும். ஏழு பேருக்கு."

விழுப்பரையர் குறுக்கிட்டார். "ஒரு வீடுதானே தீர்ந்தது? அங்கே இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன."

"இருக்கின்றன. நாளைக்குப் பக்கத்து வீட்டில் சாப்பிடலாம். நாளை மறுநாள் அடுத்த வீடு. தெருக்கள் தீர்ந்ததும் அந்த மக்களை எங்கே அனுப்புவது என்று அமைச்சர்தான் சொல்ல வேண்டும்" என்றான் அம்பலத்தாடி. பிறகு அரசர் பக்கம் திரும்பினான். "கெட்ட காலம் வந்தால் அவர்கள் தாங்குவார்கள், அரசே. நாம் போனால் அவர்களுக்கு நாம்தான் கெட்ட காலம்."

அரசர் அந்த முடிச்சைக் கையில் வாங்கினார். அவிழ்க்கவில்லை. வெற்று இலையைப் பார்த்தார், அதைச் சுற்றி நின்ற விசிறிக்காரர்களைப் பார்த்தார். முதலில் உதட்டோரம் அசைந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்த நீர் எல்லாமே சிரிப்பில் வந்ததுதானா என்று அம்பலத்தாடியால் சொல்ல முடியவில்லை.

"எங்கும் போகவில்லை. தலைநகர் ஏரி தூர்ந்து கிடக்கிறதே, அதைத் தூர்வாருங்கள். முதல் கூடை மண்ணை விழுப்பரையர் சுமக்கட்டும். இந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு குலுக்கை வைக்கட்டும், அரண்மனையிலும்தான்" என்றார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார்.

சமையற்காரர் மெல்ல, "களஞ்சியத்தைத் திறந்து தங்களுக்கு உணவு கொண்டுவரட்டுமா?" என்று கேட்டார்.

"களஞ்சியத்தைத் திற. முதலில் அந்த அம்மாளின் குலுக்கையை நிரப்பி வண்டியில் ஏற்று. அதற்குப் பிறகு எனக்குப் போடு."

நிரப்பி முடிய வெகுநேரம் ஆனது. அதுவரை அரசர் விதை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, வெற்று இலையின் முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்தார்.