இரண்டு காதுப் பொம்மையும் அரசரின் தொட்டிலும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரக்கூடிய ஒரு நாட்டில், அரண்மனை விகடன் உலகளந்தான் அரசருடைய தொட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

ஆள் குட்டை. தொட்டில் பெரியது. பார்த்தவர்களுக்குத் தொட்டிலே கால் முளைத்து ஓடுவதுபோல் இருந்தது.

துறைக் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "என்ன சாமி, இது மகாராசா தொட்டிலாச்சே. எங்க தூக்கிட்டுப் போறீரு?"

"நாடு கடத்துறேன். பொழுது சாயறதுக்குள்ள அக்கரைக்குப் போகணும். வழிய விடு."

காவலன் வழி விடவில்லை. சங்கை எடுத்து ஊதினான். உலகளந்தான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

எல்லாம் ஒரு பொம்மையால் வந்த வினை. வரி வசூலில் ஆளுக்கு ஆள் தகராறு என்று அரசர் ஒருநாள் அலுத்துக்கொள்ள, அமைச்சர் தத்துவராயர் மரத்தில் ஒரு பொறிப் பொம்மை செய்து அரண்மனை வாசலில் நிறுத்திவிட்டார். அதன் மார்பில் ஒரே ஒரு கேள்வி: 'இந்த ஆண்டு உன் வாழ்வு எந்தக் கரை?' வலது காதைத் திருகினால் இக்கரை. பச்சை வில்லை விழும். இடது காதைத் திருகினால் அக்கரை. சிவப்பு வில்லை விழும். பச்சைக்கு வீட்டு வரி. சிவப்புக்கு வரியே இல்லை, வீடும் இல்லை. அக்கரையாரின் உடைமை எதுவும் அன்று பொழுது சாய்ந்த பிறகு இக்கரையில் இருக்கக் கூடாது. ஒருமுறை திருகினால் திருகியதுதான். பொய்யாகத் திருகினால் சவுக்கடி. அரசருக்குப் பொம்மையை மிகவும் பிடித்துப்போயிற்று. அது அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த நாட்டில் பாதி வீட்டு மருமகள்கள் அக்கரையிலிருந்து வாழ வந்தவர்கள். அரண்மனையும் அதற்கு விலக்கல்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய், பிள்ளையோடு சில மாதம் கழித்துத் திரும்புவார்கள். செக்கடித் தெரு வடிவுடையாளும் அப்படித்தான் போய் வந்தாள். கணவன் எல்லைக் காவலில் இருந்ததால் பொம்மையின் முன்னால் அவளே நின்றாள். பாதி ஆண்டு இங்கே, பாதி அங்கே. இரண்டு காதையும் சேர்த்துத் திருகப் பார்த்தாள், பொம்மை அசையவில்லை. பின்னால் நின்ற சேவகன் சவுக்கை நினைவூட்டினான். பயந்துபோய் இடது காதைத் திருகிவிட்டாள். அன்று மதியமே வீடு பூட்டப்பட்டது. அம்மியும் உலக்கையும் தெருவுக்கு வந்தன.

"புள்ள பெக்கத் தாய் வீட்டுக்குப் போனது ஒரு குத்தமா சாமி?" என்று அவள் உலகளந்தானிடம் கேட்டபோது, தோளில் அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நேராக அமைச்சரிடம் போனான். அவரோ தலையை நிமிர்த்தாமலே, பொம்மை சொன்னால் சொன்னதுதான், அழுகிறவளுக்கு ஒரு காது, சிரிக்கிறவளுக்கு ஒரு காது என்று வைத்துக்கொண்டிருக்க முடியாது என்றார். மரத்துக்கு இரக்கம் இல்லாமல் இருக்கலாம், அதைச் செதுக்கியவனுக்குமா இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வடிவுடையாளை அழைத்துக்கொண்டு அந்தப்புரத்துப் பக்கம் போனான். அங்கே நடந்த கதை பிறகு வரும். வெளியே வரும்போது அவன் தலையில் தொட்டில் இருந்தது.

சங்கொலி கேட்டு ஓடிவந்தவர்கள் தொட்டிலோடு அவனைச் சபையில் நிறுத்தியபோது அரசரின் முகம் சிவந்திருந்தது. அந்தத் தொட்டில் அவரைத் தாலாட்டியது. மணமாகி இத்தனை காலமாக வெள்ளிதோறும் துடைத்து வைக்கப்பட்டு, வெறுமையாகவே கிடந்தது. அதைப் பற்றி அரண்மனையில் யாரும் வாய் திறப்பதில்லை.

"எம் தொட்டிலைத் திருடத் துணிந்தாயா?"

"திருடவில்லை அரசே. தங்கள் ஆணையை நிறைவேற்றினேன். இது அக்கரையார் ஒருவரின் உடைமை." மடியிலிருந்து சிவப்பு வில்லை ஒன்றை எடுத்துத் தொட்டிலுக்குள் போட்டான்.

தத்துவராயர் புன்னகைத்தார். "புரிகிறது. அரசர் பிறந்தது அவர்தம் அன்னையின் ஊரில், அக்கரையில். ஆகவே அரசரே அக்கரையார் என்று நம் விகடர் விகடம் பண்ணப் பார்க்கிறார். விகடரே, கேள்வி இந்த ஆண்டைப் பற்றியது. அரசர் பிறந்து நாற்பது ஆண்டு ஆகிறது."

சபையில் சிரிப்பு எழுந்தது. உலகளந்தான் பணிவாகத் தலையசைத்தான். "அமைச்சர் சொன்னது முழுக்கச் சரி. அரசருக்கும் இந்த வில்லைக்கும் சம்பந்தமில்லை."

"பிறகு யாருடையது? பொய்யாகத் திருகியது யார்? நீர்தானே?"

"சொல்கிறேன். அதற்கு முன் அரசரிடம் ஒரு வாக்கு வேண்டும். இது பொய் வில்லை என்றால் சவுக்கடி எனக்கு. மெய் என்றால் செக்கடித் தெரு வீட்டின் பூட்டை இப்போதே திறக்க வேண்டும். பொம்மைக்கு மூன்றாவதாக ஒரு காதும் வேண்டும், எந்தக் கரையிலும் அடங்காதவர்கள் திருகுவதற்கு. புதிதாகச் செதுக்க வேண்டாம். பக்கத்திலேயே அமைச்சரை உட்கார வைத்தால் போதும். அவரிடம் இரண்டு சும்மாத்தான் இருக்கின்றன."

தத்துவராயரின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. அரசர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "வாக்குத் தந்தோம். இப்போது சொல். இந்தத் தொட்டிலுக்காகப் பொம்மையின் காதைத் திருகியது யார்?"

சாளரத்துக்கு வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. உலகளந்தான் அரசருக்கு மட்டும் கேட்கும்படி அருகில் போனான். பிறகு மனத்தை மாற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான்.

"வடிவுடையாளின் பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார் ஒருவர். முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார். தம் பிள்ளையும் தாய்வீட்டில்தானே, அக்கரையில்தானே பிறக்கப் போகிறது, பொய் சொல்லலாமா என்று யோசித்தார். இடது காதைத் திருகினார். தொட்டில் இனி அந்தப் பிள்ளையுடையதுதானே என்று அதை எடுத்து என் தலையில் வைத்ததும் அவர்தான். தங்களிடம் இன்று மாலை சொல்வதாக இருந்தாராம், பொம்மை முந்திக்கொண்டுவிட்டது."

அரசர் எழுந்தேவிட்டார். பிறகு தூண்கள் அதிரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார். சிரிப்பு நிற்காமலே திரும்பி அந்தப்புரத்தின் திரையைப் பார்த்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து, அக்கரைப் பேச்சின் இழுப்போடு, அரசியின் குரல் கேட்டது: "ஏழாம் மாசம் பொறந்ததும் எங்க அம்மா வீட்டுக்குப் போகணும். திரும்பி வர்றப்ப எங்க ரெண்டு பேருக்கும் இங்க வீடு இருக்குமா?"