விழுந்த கதவே வென்றது

கோடைமங்கலத்து அரசன் செங்கோடவர்மனுக்கு இரண்டே பயங்கள். ஒன்று, பெரிய அமைச்சர் திரிபுவனரின் கோபம். மற்றொன்று, மனைவி கோமளவல்லியின் மௌனம். இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

இளவரசன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். எதைக் கண்டாலும் பிடித்து இழுப்பான். அவன் அறைக்கென்று திரிபுவனர் ஓர் அலமாரி செய்து சபைக்குக் கொண்டுவந்தார். கதவு முழுத் தேக்கு, அதில் சிங்க முகம் வேறு. ஒரு கதவைத் தூக்கவே நாலு ஆள்!

போன மாதம் இதே மாதிரிக் கதவு ஒன்று கஜானாவில் கழன்று, வெண்கலக் குத்துவிளக்கை அப்பளமாக்கியிருந்தது. கோமளவல்லிக்கு அன்று போன தூக்கம் திரும்பவில்லை.

"இது விழவே விழாது, தாயே" என்றார் அமைச்சர்.

"விழுந்தால்?"

"விழாது என்கிறேனே!"

"அதைத்தான் எல்லாரும் சொல்கிறீர்கள். விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்."

அமைச்சர் முகம் சிவந்தது; அரசி வாயை மூடிக்கொண்டாள். அரசன் தப்பிக்க வழி தேடினான். "மருதையா! அமைச்சர் மனமும் நோகக்கூடாது, அரசியும் தூங்கவேண்டும். ஒரு கதவு செய்!"

சபையின் வேடிக்கைக்காரன் மருதையன் தன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்தே செய்துவிட்டான். ஓரத்துக்கு நாலு மெல்லிய சட்டம். சட்டத்தின் உள்விளிம்பில் நீளப் பள்ளமாகக் காடி. காடிக்குள் செருகிய ஒட்டுப்பலகை: இழைத்த மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பசையிட்டு அழுத்தியது. முடித்ததும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சபைக்கு வந்தான்.

திரிபுவனர் விரலால் தட்டிப் பார்த்தார். "இது கதவா, உடுக்கையா?"

"சோதித்துவிடலாம், ஐயா. செய்தவர் அவரவர் கதவடியில் கிலுகிலுப்பையோடு உட்காருவோம். இளவரசர் இழுப்பதுபோல் காவலர் இழுக்கட்டும்."

அமைச்சர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காவலன் இழுத்தான். கீல் 'க்ரீச்' என்றது. அவ்வளவுதான். அங்கவஸ்திரம் இங்கே, அமைச்சர் சிம்மாசனத்துக்குப் பின்னால்!

"விழவில்லையே! என் கதவு விழவில்லையே!" என்றது அங்கிருந்து குரல்.

அடுத்து மருதையன். தன் கதவைத் தானே அலமாரியில் மாட்டிவிட்டு அடியில் உட்கார்ந்தான். காவலன் தொட்டதுதான் தாமதம், கதவு 'பொத்'தென்று மருதையன் தலைமேல் விழுந்தது. கோமளவல்லி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

திரிபுவனர் துள்ளினார். "விழுந்தது! தோற்றான்!"

"என்ன மருதையா, விழுந்துவிட்டதே?" என்றான் அரசன்.

மருதையன் தலையைத் தடவிக்கொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினான். "ஆமாம் மன்னா, விழுந்தது. அதை நானே சொல்கிறேன் பாருங்கள். அமைச்சர் கதவு விழுந்திருந்தால், வேறு யாராவது வந்துதான் சொல்லவேண்டும்."

அரசன் கிரீடம் நழுவச் சிரித்தான். தேக்குக் கதவுகள் அகழிக்குப் பாலமாகப் போயின. கோமளவல்லி தன் வளையலைக் கழற்றி மருதையனிடம் நீட்டினாள். அப்போதுதான் அவன் கைக்குள் எதையோ மறைப்பது தெரிந்தது. கீல் ஆணி!

"நீயே பிடுங்கினாயா?" என்றாள் மெல்ல.

"விழாமல் இருந்திருந்தால், தாயே, 'விழுந்தால்?' என்று இன்றைக்கும் தூங்கமாட்டீர்கள்."