ஓட்டியது யார்

மலையடி மடத்தை நடத்திவந்த செங்கமலத்தம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. அவரிடம் பாடம் கேட்ட நல்லசிவத்துக்கு அறுபத்தாறு, ஓய்வுபெற்ற சார்பதிவாளர். வயதைப் பார்க்காமல் எப்போதும் அவர்தான் முதலில் கும்பிடுவார்.

அன்று கும்பிட மறந்து உள்ளே வந்தார்.

முந்தின நாள் காலை அவருடைய கார் தவமணியின் மொபெட்டை இடித்துவிட்டது. தவமணி சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். வெள்ளிதோறும் மடத்துக்கு வருபவள். தொடையெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் கிடந்தாள். காரை ஓட்டியது நல்லசிவம். அவருடைய லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"புதுப்பிக்க மறந்துட்டேம்மா."

"உயிரோட இருக்கேன்னு பென்ஷனுக்கு வருஷா வருஷம் எழுதிக் குடுக்க மறக்கலையே?"

அவர் பேச்சை மாற்றினார். வக்கீல் சொன்னதைச் சொன்னார். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும்; நஷ்டஈடு அவர் தலையில் விழும். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். மருமகன் இளவழகனிடம் லைசென்ஸ் இருக்கிறது. தானே ஓட்டியதாகச் சொல்ல அவன் சம்மதித்துவிட்டான். மூன்று மணிக்குத் தவமணியிடம் வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வருகிறது. அதற்குள் அவளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

வெளியே வக்கீலின் கார் ஹாரன் அடித்தது. மணி இரண்டேகால்.

"உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லையா?" என்றார் செங்கமலத்தம்மா.

"இருக்கு. இல்லைன்னு சொல்லல. என் வீடு தப்பிக்கும். ஆனா அவளுக்கும் நஷ்டஈடு சீக்கிரம் வருமே. ஓட்டினது நானா அவனாங்கிறதுல அவ காலுக்கு என்ன வித்தியாசம்? யாருக்கும் கெடுதல் பண்ணாத பொய் எப்படிம்மா பாவமாகும்?"

அம்மா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். நல்லசிவத்துக்கு மூச்சு வந்தது. வெயிலுக்குக் குடையை எடுத்து நீட்டினார்.

வாசற்படியில் அம்மா நின்றார்.

"அவ உங்களைப் பாத்தாளா?"

"பாத்தா. மயங்கிடப் போறாளேன்னு தலையை மடியில வச்சுக்கிட்டேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும், கண்ணை மூடாதே, என்னையே பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"பாத்துக்கிட்டே இருந்தாளா?"

"இருந்தா."

மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை நீளமாக.

"இப்ப அவ, பாத்தது உங்களை இல்லைன்னு சொல்லணும்."

"போலீஸ்கிட்ட ஒரு தடவை. அப்புறம் கோர்ட்டுல ஒரு தடவை. அவ்வளவுதாம்மா."

அம்மா செருப்பைக் கழற்றினார்.

"ஏம்மா, நேரமாகுதே?"

"அவ காலை ஒடச்சீங்க, நல்லசிவம். இப்பக் கண்ணையும் கேக்கறீங்க."