அம்பைத் திருப்பிய மூக்கனும் பொரியக்காவும்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பொரியக்காவுக்குப் பயமாக இருந்தது.

அவள் ஒரு காட்டுக்கோழி. நெஞ்சில் பொரி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். அதனால்தான் அந்தப் பெயர். மைனா டீச்சரிடம் இரண்டு மழைக்காலம்தான் படித்தாள். அம்மாவைக் கீரி தூக்கிக்கொண்டு போனதும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நாலு பேர் கூடின இடத்தில் அவள் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குத் திறந்தே ஆக வேண்டும். அவளுடைய ஏழு குஞ்சுகளின் உயிர் அதில் இருந்தது.

"சைக்கிள்காரன் ஏறும்போது நிப்பான், இறங்கும்போது நிக்கமாட்டான்," என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்குப் போனாள்.

அந்த மலைக்குக் குருந்தமலை என்று பெயர். உச்சியில் பழங்கோட்டை என்ற ஊர். இடிந்த மதிலும், யானை நுழையும் உயரத்துக்கு ஒரு கல்வாசலும் அங்கே உண்டு. கோட்டைக்குப் போக இரண்டு ரோடு. கிழக்கே ஏழுசுனை என்ற பழைய ஊர் வழியாக ஒன்று. அதில் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு, மூச்சைப் பிடுங்கும் ஏற்றம். மேற்கே ஆனைக்கல் வழியாக இன்னொன்று. அது நீளம், ஆனால் சாய்வு குறைவு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பட்டணத்திலிருந்து சைக்கிள்காரர்கள் வருவார்கள். ஏழுசுனை வழியாக ஏறுவார்கள். கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஆனைக்கல் வழியாக இறங்குவார்கள். அவர்களுக்கு வழி காட்ட அடிவாரத்தில் ஒரு தகர அம்பு, கோட்டை வாசலில் ஒரு தகர அம்பு. ஏற்பாடு செய்கிறவர்கள் சனிக்கிழமை மத்தியானமே வந்து நட்டுவிட்டுப் போவார்கள்.

ஏழுசுனையில் ஆறாவது வளைவில் ஒரு கல்மண்டபம் இருந்தது. அதில் மூக்கன் என்ற குரங்கும் அவன் கூட்டமும் இருந்தார்கள். ஏறி வரும் சைக்கிள்காரர்கள் அங்கே இறங்கி நின்று மூச்சு வாங்குவார்கள். பையில் கடைசியாகக் கிடக்கும் ஒரு பழத்தைத் தின்று தோலைப் போடுவார்கள். மூக்கனுக்கு அந்தத் தோல் போதவில்லை. அதற்காகத்தான் கூட்டம்.

பாறை மேல் உடும்புத் தலைவர் படுத்திருந்தார். மூக்கன் எழுந்தான்.

"கோட்டையில நான் பார்த்துட்டு வந்தேன். அங்கதான் ஆளுக்கு ஒரு பை குடுக்கிறாங்க. பையில நாலு பழம், கடலை மிட்டாய். அந்தப் பையைத் தூக்கிட்டு ஆனைக்கல் பக்கமா இறங்கிப் போயிடறாங்க. நமக்குக் காலிப் பை, அவங்களுக்கு நெறஞ்ச பை. ரெண்டு அம்பையும் திருப்பி வெச்சா என்ன ஆகும்? ஆனைக்கல்ல ஏறுவாங்க, நெறஞ்ச பையோட நம்ம பக்கம் இறங்குவாங்க!"

"என்னா மூளை, என்னா மூளை," என்றது முயல். அது எப்போதும் பெரிய குரல் பக்கம் நிற்கும்.

"வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று உடும்பு ஒரு கண்ணைத் திறந்தார்.

பொரியக்கா முன்னால் வந்தாள். அவளுடைய புதர் மண்டபத்துக்குப் பக்கத்தில், ஏழுசுனை ரோட்டுக்கு மேலே. தண்ணீர் குடிக்கும் சுனை ரோட்டுக்குக் கீழே. தினம் இரண்டு முறை குஞ்சுகளோடு கடக்க வேண்டும். கடப்பதற்கு அந்த மலையில் ஒரே வழக்கம்தான்: காதைக் கொடு, பிறகு காலை வை. லாரி ஒரு வளைவு தள்ளி வரும்போதே உறுமும். பஸ் ஹாரன் அடிக்கும். ஏறி வரும் சைக்கிளுக்குச் சத்தமில்லை. ஆனால் அதை மிதிப்பவனின் மூச்சு பத்து மரம் தள்ளிக் கேட்கும். இறங்கி வரும் சைக்கிளுக்கு அந்த மூச்சும் கிடையாது.

இதைத்தான் அவள் சொல்ல வந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"சைக்கிள்... இறங்கும்போது நிப்பான். இல்ல, ஏறும்போது நிக்க... அதாவது மேல போறவன் கீழ..."

மூக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொரியக்கா, மேல கீழன்னு மைனா டீச்சர் ரெண்டாம் வருஷமே சொல்லிக் குடுத்திருப்பாங்களே. நீ அன்னைக்கு லீவா?"

கூட்டமே சிரித்தது.

"நான் ரோட்டுல நடக்கிறவ, மூக்கா. நீ மரத்துல தாவுறவன். உனக்கு மேடும் பள்ளமும் ஒண்ணுதான்," என்றாள். சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

"சம்மதம் உள்ளவங்க வாலைத் தூக்குங்க," என்றார் உடும்பு.

பொரியக்காவின் வால் ஒன்றுதான் தரையில் கிடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மூக்கன் இரண்டு அம்பையும் திருப்பினான்.

வாரா வாரம் வருகிற சைக்கிள்காரர்கள் புதுப்புது ஆட்கள், வழி தெரியாதவர்கள். அம்பு காட்டிய பக்கம் போனார்கள். ஞாயிறு காலை பொரியக்கா ரோட்டோரம் நின்று காதைக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்போம் என்று நின்றாள். வெயில் ஏறியது. குஞ்சுகள் தண்ணீர் தண்ணீர் என்று கத்தின. கடைசியில் காலை வைத்தாள். குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் வந்தன.

வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம். அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதற்குள் ஐந்து சைக்கிள் காற்றாகப் போய்விட்டது. ஒருவனும் நிற்கவில்லை. ஒருவன் தலை கூடத் திரும்பவில்லை. ஆறு குஞ்சு அக்கரையில் நின்றன. ஏழாவது குஞ்சு நடுரோட்டில் கிடந்தது. பொரியக்கா அலகால் புரட்டிப் பார்த்தாள். அது எழுந்திருக்கவில்லை.

அவள் நேரே மண்டபத்துக்குப் போனாள். அங்கே மூக்கன் கூட்டம் காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்திருந்தது. நிறைந்த பைகள் எல்லாம் அவர்கள் கண்ணெதிரே பறந்து போயிருந்தன. ஒரு தோல் கூட விழவில்லை.

"என் குஞ்சு செத்துப்போச்சு," என்றாள் பொரியக்கா.

மூக்கன் தலையைச் சொறிந்தான். "என்ன பண்றது அக்கா, புது ஏற்பாடுன்னா முதல்ல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஒண்ணுதானே. இன்னும் ஆறு இருக்கே உனக்கு."

பொரியக்காவுக்குக் கண் சிவந்தது. ஒரே தாவலில் அவன் மூக்கின் மேல் கொத்தினாள். ரத்தம் வந்தது.

"ஆறு இருக்காடா? உன் மூக்குல ரெண்டு ஓட்டை இருக்கே, ஒண்ணை அடைச்சுடட்டுமா? ஒண்ணுதானே!"

குரங்குகள் அவளைத் துரத்தின. அவள் உடும்பிடம் ஓடினாள்.

"அம்பைப் பழையபடி வைக்கச் சொல்லுங்க, தலைவரே."

"கூட்டத்துல எடுத்த முடிவு," என்றார் உடும்பு. அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். சரியோ தப்போ, பிடித்தது பிடித்ததுதான். "நீயும் அன்னைக்குச் சரியா எடுத்துச் சொல்லலியே, பொரி."

அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. சரியாகச் சொல்லத் தெரியாதவளின் பிள்ளை என்றால் சாகலாமா? நாக்கு தடுமாறினால் உண்மையும் தடுமாறிவிடுமா? திட்டிக்கொண்டே நடந்தாள். மூக்கனைத் திட்டினாள், உடும்பைத் திட்டினாள், வாலைத் தூக்கின ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திட்டினாள். தன் நாக்கைத்தான் அதிகம் திட்டினாள். திட்டி முடிந்தபோது ஆறாவது வளைவின் அடியில் நின்றிருந்தாள்.

அங்கே மழைத்தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் உண்டு. பல வருஷமாகச் சேறும் சருகும் பாலிதீன் பையும் அடைத்துக் கிடந்தது. உள்ளே பாம்பு இருக்குமோ, இடிந்து விழுமோ என்று பயந்து, அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது இருந்த கோபத்தில், இருந்தால் பாம்புதான் பயப்பட வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் கிளற ஆரம்பித்தாள்.

கோழிக்குக் கிளறத் தெரியும். அதற்கு யாரிடமும் படிக்க வேண்டியதில்லை. வலக்கால் ஒரு இழுப்பு, இடக்கால் ஒரு இழுப்பு. சேறு பின்னால் பறந்தது. குஞ்சுகள் புல்லில் இருந்த பனித்துளியைக் கொத்தி நாக்கை நனைத்துக்கொண்டன. முயல் வந்து எட்டிப் பார்த்தது.

"என்ன அக்கா, புதையலா?"

"ஆமா. உனக்கும் பங்கு வேணும்னா வந்து தோண்டு."

முயல் போய்விட்டது. பொரியக்காவின் நகம் ஒன்று பிய்ந்தது. அவள் நிறுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் மூக்கன் அம்புகளைத் திருப்பினான். பசி அவனுக்கு ஒரு புது யோசனையைக் கொடுத்திருந்தது.

"நிக்காமப் போறாங்கல்ல? நாம நிக்க வைப்போம். வளைவு முடியுற இடத்துல எல்லாரும் ரோட்டுல உட்காருங்க. நம்மளைப் பார்த்ததும் நிறுத்தித்தானே ஆகணும்!"

பொரியக்கா குழாய் வாயிலிருந்து இதைக் கேட்டாள். பொறுக்க முடியாமல் வெளியே வந்தாள். இந்த முறை நாக்கு தடுமாறவில்லை.

"மூக்கா, ஏறுறவன் நினைச்சா நிப்பான். இறங்குறவன் நினைச்சாலும் நிக்க முடியாது. பிள்ளைங்களை ரோட்டுல உக்கார வைக்காதே."

"போய் உன் சாக்கடையைக் கிளறு," என்றான் மூக்கன், மூக்குக் காயத்தைத் தடவிக்கொண்டே.

ஞாயிறு காலை முதல் சைக்கிள் வளைவு திரும்பியது. எதிரே ரோடு நிறையக் குரங்கு. ஓட்டியவன் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் வழுக்கியது. அவன் ஒரு பக்கம் போய் விழுந்தான், சைக்கிள் ஒரு பக்கம் போய் விழுந்தது. பின்னால் வந்த இருவர் அவன் மேல் விழுந்தார்கள். ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. குரங்குகள் சிதறி ஓடின. ஆனால் பை கிழிந்து பழம் உருண்டதும், மூக்கன் மட்டும் திரும்பி வந்தான். அடிபட்டுக் கிடந்தவனின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பழத்தை உரித்தான். அதைச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை குரங்கு பிடிக்கக் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கூண்டுக்குள் ஒரு தார் வாழைப்பழம் தொங்கியது. மூக்கன் எதையும் யோசிக்கவில்லை. கதவு விழுந்தது.

அன்றைக்கு மத்தியானம்தான் பொரியக்காவின் கால் மறுபக்கத்து வெளிச்சத்தைத் தொட்டது. குழாய் திறந்துவிட்டது. சேறு அப்பிய உடம்போடு அவள் வெளியே வந்தபோது, கூண்டு ரோட்டோரம் வண்டிக்காகக் காத்திருந்தது.

"பொரியக்கா, அந்தக் கதவுக் கம்பியைக் கொஞ்சம் அலகால தூக்கிவிடேன்," என்று மூக்கன் கம்பி வழியாகக் கையை நீட்டினான். "உனக்குப் புண்ணியமாப் போகும்."

பொரியக்கா நின்று அவனைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். அது இரும்பு. அவள் அலகால் அசையாது. அசைந்தாலும் அவள் மனம் அசையாது.

"நான் ரெண்டாம் வருஷத்தோட நின்னவ," என்றாள். "கூண்டு சமாச்சாரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வாலைத் தூக்கினவங்களைக் கூப்பிடு."

வாலைத் தூக்கியவர்கள் யாரும் வரவில்லை. முயல் மட்டும் புதரிலிருந்து தலையை நீட்டியது. "இது சரிப்படாதுன்னு நான் அப்பவே நினைச்சேன், அக்கா. அந்தக் குழாய்ல நானும் வரலாமா?"

"வா. வாயை மூடிக்கிட்டு வா."

அடுத்த ஞாயிறும் சைக்கிள்கள் வந்தன. அம்பை வேறு யாராவது திருப்பினார்களா, இல்லையா என்று பொரியக்கா போய்ப் பார்க்கவில்லை. உடும்புத் தலைவர் கூட்டத்துக்கு ஆள் அனுப்பியபோதும் போகவில்லை. ஆறு குஞ்சுகளையும் எண்ணினாள். எண்ணும்போது ஏழாவதை நினைத்து ஒரு நொடி நின்றாள். பிறகு தலையைக் குனிந்து, தான் தோண்டிய குழாய்க்குள் அவற்றை நடத்திக்கொண்டு போனாள். தலைக்கு மேலே சக்கரங்கள் ரீங்கரித்துப் போயின. ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று அவள் காது கொடுக்கவே இல்லை. அக்கரையில் குஞ்சுகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன.

நடக்காதவன் மாற்றி வைக்கும் வழியில் நடக்கிறவளின் பிள்ளைதான் முதலில் அடிபடும். ஆகவே, ஒரு வழியை மாற்றும் முன், தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் அதில் தினம் நடக்கிறவள் சொல்வதைக் கடைசி வரை கேட்க வேண்டும்.