அத்தை கட்டிய அரைஞாண்

அந்தக் காலத்தில், வானத்தில் விண்மீன்களைவிட இருட்டே அதிகம் இருந்தபோது, மேகங்கள் பேசும். நம் தலைக்கு மேல் வந்து நாலு தூறல் போட்டுவிட்டுப் போகிற மேகங்கள் இல்லை. இவை விண்மீன்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளியில் குடியிருந்தவை. உடம்பு முழுக்க வாயுவும் தூசியும்தான். ஒரு முனையில் சொன்ன சொல் மறுமுனைக்குப் போய்ச் சேர ஒரு யுகம் ஆகும். அதனால் யாரும் வெட்டிப்பேச்சு பேசுவதில்லை.

அப்படி ஒரு மேகம் முகிலாயி. அவள் புருஷன் ஊர்சுற்றிக் காற்று. வருவான், போவான், அவ்வளவுதான். அவளுக்குத் துணையாக இருந்தது அவனுடைய தங்கை காந்தாயி. காந்தாயியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. உருவமும் கிடையாது, நிறமும் கிடையாது. நீள நீளமான காந்தக் கயிறுகளாக அவள் இருக்கிறாள் என்பது தொட்டால் மட்டும் தெரியும். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் எப்படியோ ஒத்துப்போய்விட்டது.

முகிலாயிக்கு ஒரு துக்கம் இருந்தது. அவளுடைய தலைப்பிள்ளை பிறந்தபோது உடம்பின் பாரமெல்லாம் ஒரே இடத்தில் சரிந்து விழுந்தது. பிள்ளை பிரம்மாண்டமாக, நீலமாக, கண் கூசும்படி பிறந்தான். பிறந்த வேகத்திலேயே எரிந்து, அவள் ஆசை தீரப் பார்த்து முடிப்பதற்குள் வெடித்துப் போனான். பெயர்கூட வைக்கவில்லை. பிள்ளை பிறந்தால் அத்தைதான் அரைஞாண் கட்டவேண்டும்; மேகங்களிலும் அதுதான் வழக்கம். காந்தாயி அவனுக்காகத் திரித்து வைத்திருந்த கயிறு அப்படியே கிடந்தது.

மறுபடியும் முகிலாயியின் உடம்பு குளிர ஆரம்பித்தது, பாரம் கூடியது. மேகங்களுக்கு அதுதான் மசக்கை. வேறொருத்தியாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். இவளோ நாத்தனாரை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு, காந்தாயி. இதுவும் மொத்தமா விழுந்து மொத்தமா எரிஞ்சு போயிடும். என்னைப் பிடிச்சுக்கோ" என்றாள்.

"நான் இருக்கேன் அண்ணி. ஒரு பொடித் தூசியக்கூட விழ விடமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள், அதுதான் வினையாகிப் போனது. பிள்ளைக்குக் கட்டவேண்டிய கயிற்றை எடுத்துத் தாய்க்குக் கட்டினாள். போதாததற்குத் தன்னிடம் இருந்த கயிறுகளையெல்லாம் போட்டு வரிந்து வரிந்து இறுக்கினாள்.

முகிலாயி சரியவில்லை. ஆனால் பிள்ளையும் உருவாகவில்லை. கொடியில் காயப்போட்ட புடவையாக விரிந்தபடியே தொங்கினாள். அக்கம்பக்கத்து விண்மீன்களின் அனல் அவள் ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊதிக்கொண்டு போனது. இப்படியே விட்டால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை என்று காந்தாயிக்குப் புரிந்துவிட்டது. புரியப் புரிய இன்னும் இறுக்கினாள், பாவம். ஒரு முறை இழந்தவளுக்குக் கையைத் தளர்த்த மனம் வருமா?

பாதி கரைந்துபோன முகிலாயிதான் கடைசியில் வாய் திறந்தாள். அவளுக்குக் கோபமில்லை.

"ஏன் காந்தாயி, பிள்ளைக்கு அரணாக்கயிறு கட்டும்போது எப்படிக் கட்டுவ?"

"ஒரு விரல் நுழையிற மாதிரி இடம் விட்டுக் கட்டுவேன்."

"எதுக்கு இடம்?"

"பிள்ளை வளரணும்ல" என்ற காந்தாயி, அண்ணிமேல் தான் போட்ட கட்டுகளைத் தடவிப் பார்த்தாள்.

"அந்த ஒரு விரல் இடத்தை எனக்கும் விடு, தாயி. விழுந்தா நீ பிடிச்சுக்குவ. எனக்குத் தெரியும்."

காந்தாயி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே முடிச்சைத் தளர்த்தினாள். அவிழ்க்கவில்லை, ஒரே ஒரு விரல் அளவுதான்.

முகிலாயியின் உடம்பு கயிறுகளின் வழியே மெல்ல வழுக்கி வந்து, நடுவில் நீண்ட ஓர் இழையாகத் திரண்டது. அவசரப்பட்டு விழப் பார்த்த இடத்தைக் காந்தாயி பிடித்துக்கொண்டாள். பதமாகச் சேர்ந்த இடத்தில் விட்டுக்கொடுத்தாள். மழை விட்டபின் கொடிக்கயிற்றில் நிற்கும் துளிகளைப்போல, அந்த இழை நெடுக அங்கங்கே திரட்சிகள் தோன்றின. ஒவ்வொன்றும் உருண்டு, சுழன்று, உள்ளே சூடேறி, கண் திறந்தது. ஒரு பிள்ளைக்குப் பயந்தவளுக்கு வரிசையாகப் பிள்ளைகள். எல்லாம் சின்னச் சின்னவை. சிவப்பும் மஞ்சளுமாக, எந்த அவசரமும் இல்லாமல் நிதானமாக எரிந்தன.

முகிலாயி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். தன் உடம்பின் மிச்சமெல்லாம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தபிறகும், புகையாக மெலிந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை ஆசை தீரப் பார்த்தாள். பார்த்து முடித்தபின், நாத்தனாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகக் கலைந்து போனாள்.

காந்தாயி தன்னிலிருந்தே கயிற்றை அறுத்து ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கட்டினாள். இறுக்கிக் கட்டவில்லை.

அன்று முதல்தான் இருண்ட மேகங்களில் நீள நீளமான இழைகள் திரள்கின்றன. விண்மீன்கள் தனியாகப் பிறக்காமல் அந்த இழைகளில் அண்ணன் தம்பி, அக்கா தங்கையாக வரிசையில் பிறக்கின்றன. நெடுங்காலம் கழித்துப் பிறந்த நம் சூரியனுக்கும் அந்த அத்தைதான் கட்டிவிட்டாள். இன்றும் அவன் உடம்பிலிருந்து அவ்வப்போது அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நெருப்பு வளையம் எழும்பி, ஒரு விரல் நுழையும் இடம் விட்டு, திரும்ப அவன்மேலேயே வந்து படிகிறது.