தட்டாம்பாடிக்கு வந்த ராட்சதப் பல்லி

தட்டாம்பாடியில் அறிவாளிகள் மொத்தம் பதினோரு பேர். வெளியூர்க்காரர் யாரும் சொல்லவில்லை, அவர்களே தங்களைப் பார்த்து முடிவு செய்தது. அந்தப் பதினோரு பேரும் கூடி வைத்ததுதான் திரைப்பட ரசனைச் சங்கம். தலைவர் இன்பநாதன்.

ஒருநாள் பட்டணத்துச் சங்கத்திலிருந்து அறுபது வருஷத்துப் பழைய படம் ஒன்று வந்தது. வானத்திலிருந்து ராட்சதப் பல்லி இறங்கி ஊரை மிதிக்கிற கதை. கூடவே ஒரு கடிதம்: "இன்றைய கண்ணால் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அந்தக் காலத்துக் கண்ணோடு பாருங்கள். ரசித்ததை எழுதி அனுப்பினால் மாதம் ஒரு படம் தருகிறோம்."

மாதம் ஒரு படம்! இன்பநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அவசரக் கூட்டம் போட்டார்.

"அந்தக் காலத்துக் கண்ணுக்கு எங்கே போறது?"

"கண்ணு கிடைக்காது தலைவரே, கண்ணாடி கிடைக்கும்," என்றார் செயலாளர் பூரணி டீச்சர்.

வீடு வீடாகப் போய், பரணில் கிடந்த பழைய மூக்குக்கண்ணாடிகளைத் திரட்டி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

படம் ஓடியது. இன்பநாதனுக்குத் தெரிந்ததெல்லாம் கரைத்த மாவு மாதிரி ஏதோ ஒன்று. பக்கத்தில் கேட்க வெட்கம். தலைவர் அல்லவா? "ஆஹா" என்று சொல்லிவைத்தார். உடனே மற்றவர்களும் "ஆஹா" என்றார்கள்.

பாதியில் ஃபிலிம் அறுந்தது. படம் ஓட்டிய தவசியப்பன் அறுந்த முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்குக்கு நேர் முன்னால் வந்து நின்றார். திரையில் அவர் நிழல் கூரை வரைக்கும் எழுந்தது. எதை எதோடு ஒட்டுவது என்று யோசித்தபடி மூக்கைச் சொறிந்தார்.

"பல்லி! பல்லி!"

இன்பநாதன் பாய்ந்து பெஞ்சுக்கு அடியில் புகுந்தார். அங்கே ஏற்கெனவே பூரணி டீச்சர் இருந்தார்.

"பேனா விழுந்துடுச்சு, தேடறேன்," என்றார் டீச்சர்.

"நானும்தான்," என்றார் தலைவர். பெஞ்சுக்கு அடியில் கிடந்தாலும் மனசு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு படத்தை அவர் பார்த்ததே இல்லை.

மறுநாளே படத்தைத் திருப்பி அனுப்பி, கூடவே எழுதினார்: "முதல் பாதியில் பல்லி சுமார். மூக்கைச் சொறிகிற இடத்தில் எங்களைக் கலங்கடித்துவிட்டது."

பத்து நாளில் பதில் வந்தது: "மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு காட்சியே இல்லை. அங்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. உடனே அனுப்பவும். இல்லையேல் இனிப் படம் கிடையாது."

சங்கமே இடிந்துபோய் உட்கார்ந்தது. தவசியப்பன் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"மூக்கைச் சொறிஞ்சது நான்தான் தலைவரே."

இன்பநாதனுக்குப் போன உயிர் திரும்பியது. "அப்ப காட்சி பத்திரமா இருக்கு! ஏறுய்யா பஸ்ஸுல!"

"அப்படியேவா? ஃபிலிமைச் சுருட்டித்தானே அனுப்பணும்?" என்றார் டீச்சர்.

அதுவும் நியாயம்தான். தவசியப்பனைப் பாயில் படுக்கவைத்துச் சுருட்டி, கயிறு கட்டி, பஸ்ஸின் கடைசி சீட்டில் ஏற்றினார்கள். பஸ் கிளம்பும்போது பாய்க்குள்ளிருந்து ஒரு அலறல்:

"தலைவரே, தலைப்பக்கம் இடுக்கு இருக்கு, துணி வெச்சு அடைங்க! வெளிச்சம் பட்டா நான் அழிஞ்சுடுவேன்!"