நூற்று எண்பது வோல்ட்

மகிமைதாஸ் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஒவ்வொன்றும் ஒரு அரிசி மூட்டை கனம். இரண்டாவதை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. இரவெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். தூங்கவில்லை. தூங்கப் போயிருந்தாலும் தூக்கம் வந்திருக்காது.

தில்ஷாத் தலை நிமிரவில்லை. பள்ளிவாசல் மைக் செட் ஒன்றைத் திறந்துபோட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் வந்துடுச்சா அண்ணா?"

"வந்துடுச்சு வாத்தியாரே."

அவருக்கு ஐம்பத்து நாலு. அவளுக்கு முப்பத்தாறு. பெரம்பூரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், வால்வு என்கிற கண்ணாடிக் குழல்கள் போட்ட ஆம்ப்புகளைப் பழுது பார்க்க மூன்று வருஷமாக அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். முதல் நாள் கிண்டலுக்குத்தான் வாத்தியாரே என்றார். ஒரு மாதத்தில் கிண்டல் போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

கொண்டுவந்த இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கிடார் கம்பியைச் சும்மா தொட்டாலே உறுமுகிற ரகம். ஒன்று எண்பத்தாறில் செய்தது. மேல்தோல் உரிந்து, குமிழ்கள் வழவழவென்று தேய்ந்து, முப்பது வருஷமாக அவரோடு இருப்பது. மற்றது போன வருஷம் வந்தது. பழசேதான், ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லிக் கம்பெனியே மறுபடி இறக்கியது. அதைக் கிளாரன்ஸ் எங்கேயோ இரவல் வாங்கிக் கொடுத்திருந்தார்.

கிளாரன்ஸ், மகிமைதாஸ் கிடார் வாசித்த குழுவின் டிரம்மர். குழு என்று இப்போது சொல்வதற்கில்லை. நாலு பேரும் சேர்ந்து வாசித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. ஆனால் பாடகி பியூலா அடுத்த வாரம் மகளோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகரத்துக்குப் போகிறாள். திரும்பி வருவதாக இல்லை. போவதற்குள் குழுவின் பேர் சொல்லும் அந்த ஒரே பாட்டை, நல்ல இடத்தில், நல்லபடியாகப் பதிவு செய்துவிட வேண்டும். வரும் ஞாயிறு. அதை விட்டால் நாள் இல்லை.

அந்தப் பாட்டுக்கு இதுவரை இருப்பது ஒரு கேசட்தான். தொண்ணூற்றேழில் ரயில்வே காலனி மண்டபத்தில் வாசித்தது. அதில் கிடார் ஒரு மாதிரி அழும். கேட்டவர்கள் பாட்டை மறந்துவிட்டு அந்த அழுகையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்.

தில்ஷாத் ஈயக்கோலை வைத்தாள்.

"சொல்லுங்க. என்ன கேக்கணும்?"

"எது நல்லது? பழசா, புதுசா?"

"உங்களுக்கு எது நல்லா இருந்துச்சு?"

"முதல்ல பழசுன்னு நினைச்சேன். அப்புறம் புதுசுன்னு நினைச்சேன். ரெண்டுலயும் எல்லாக் குமிழையும் ஏழுல வெச்சு அரைநாள் வாசிச்சுப் பார்த்தேன்."

"ஏழுல."

"ரெண்டுலயும் சரியா ஏழு."

"அந்த ஏழு வெறும் பெயிண்ட் அண்ணா. உங்களோடது முப்பது வருஷமாத் தேஞ்ச குமிழ். அதோட ஏழும் இதோட ஏழும் எப்படி ஒண்ணாகும்? மூணு வருஷமா இங்க வந்து டீதான் குடிச்சீங்களா?"

மகிமைதாஸ் தலையைச் சொறிந்தார். போன மாதம்தான் இதே தப்புக்காக ஒரு கல்லூரிப் பையனை அவரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் திட்டியிருந்தார்.

அவள் இரண்டு ஆம்ப்பையும் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வால்வுகள் சூடாக வேண்டும். அதுவரை அவள் யாரையும் வாசிக்க விடமாட்டாள், யாருக்கும் பதிலும் சொல்லமாட்டாள். உள்ளே ஒவ்வொரு கண்ணாடியாகச் சிவந்தது.

பிறகு ஒரு ஸ்டூலைச் சுவரைப் பார்க்கப் போட்டாள்.

"உக்காருங்க. திரும்பக் கூடாது."

அவர் கூடவே கொண்டுவந்திருந்த கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் அவள் குமிழ்களைத் திருப்புவது கேட்டது. இரண்டும் ஒரே சத்தத்துக்கு வரும்வரை காதாலேயே திருப்பினாள். கொஞ்சம் சத்தம் கூடினாலும் அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும் என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுதான். வால்வு சூடு ஆறாதபடி ஒரு ஆம்ப்பை நிறுத்திவைத்துவிட்டு மற்றதில் ஒயரை மாற்றிச் செருகினாள். சில சமயம் மாற்றுவதுபோல் ஓசைப்படுத்திவிட்டு அதையே செருகினாள்.

அவர் ஆறு தடவை வாசித்தார். ஆறு தடவையும் எது என்று சொன்னார். அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள்.

"என்ன வாத்தியாரே?"

"ஆறுல மூணு சரி."

"மூணுதானா?"

"காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்."

மகிமைதாஸ் சுவரைப் பார்த்தபடியே இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் அது இல்ல," என்றார்.

"எது?"

"கேசட்ல இருக்கே, அது."

"அப்ப ரெண்டு ஆம்ப்பும் ஒண்ணுதான். வேற எதுவோ மாறியிருக்கு."

அவர் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார். மோதிர விரலின் கணு நெல்லிக்காய் கணக்காக வீங்கியிருந்தது. கிரேன் நெம்புகோலுக்கு அந்த விரல் தேவைப்படாது. கிடாருக்கு அதுதான் வேண்டும்.

"ஆம்ப் சரியில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் வாத்தியாரே. கிளாரன்ஸுக்குப் போன் போட்டு, ஆம்ப் ரிப்பேர், நான் வரலன்னு சொல்லிடுவேன்."

"ஆம்ப் நல்லா இருக்கே."

"அதான் பயமா இருக்கு."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. ஏதோ ஒரு ரயில் பெரம்பூரில் நிற்காமல் போனது.

"அந்த மண்டபத்துல எத்தனை மணிக்கு வாசிச்சீங்க?"

"ஏழு, ஏழரை."

"லைட்டு எப்படி இருந்துச்சு?"

"லைட்டா? நான் பாட்டைப் பத்திச் சொல்றேன், நீங்க லைட்டைக் கேக்கறீங்க."

"சொல்லுங்க."

"ஒரே மஞ்சள். டியூப்லைட் எரியாது, துடிச்சிக்கிட்டே கிடக்கும். குண்டு பல்புதான். அதுவும் உள்ள கம்பி தெரியும். அப்பல்லாம் எங்க பக்கம் சாயங்காலம் ஆனாலே ஃபேன் சுத்துதா நிக்குதான்னு தெரியாது."

அவள் மேஜைக்கு அடியில் குனிந்தாள். கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம். இட்லிப் பானை அளவில் உருண்டையான ஒரு கருவி. மேலே ஒரு பெரிய திருகு. சுவர்க் கரண்டை வேண்டிய அளவுக்கு ஏற்றவும் இறக்கவும் அதை வைத்திருந்தாள். மகிமைதாஸும் அதைப் பலமுறை துடைத்து வைத்திருக்கிறார்.

"திரும்பாதீங்க," என்றாள். "ஆம்ப்போட ஒரு பல்பையும் இதுல போடறேன். வாசிங்க. நிறுத்தாதீங்க."

அவர் வாசித்தார். அந்தப் பாட்டின் நடுவே வருகிற நீளமான இடம். நாலைந்து சுரம்தான், ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் தடவை வழக்கம்போல இருந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் தளர்ந்தது. மூன்றாவது தடவை, அடித்த சுரம் உடனே வரவில்லை. முதலில் உள்ளே அமுங்கியது. பிறகு, படுத்திருந்தவர் கையை ஊன்றி எழுந்திருப்பதுபோல, மெதுவாக எழும்பி வந்து அழுதது.

மகிமைதாஸின் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்கன்னு சொன்னேன்."

அவர் மறுபடி வாசித்தார். விரல் வலித்தது. வலியோடு வாசித்தார். எதிரே சுவர் மஞ்சளாகியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். அவருடைய நிழல் அதில் மங்கலாக, ஓரமில்லாமல் விழுந்திருந்தது.

"பழசு," என்றார். "இதான் வாத்தியாரே. நான் சொன்னேன்ல? பழசுலதான் அது இருக்கு."

"திரும்பிப் பாருங்க."

திரும்பினார். ஒயர் புது ஆம்ப்பில் செருகியிருந்தது. பழையது அணைந்து கிடந்தது. உருண்டைக் கருவியின் ஊசி நூற்று எண்பதில் நின்றது. பக்கத்தில் பல்பு, உள்ளே கம்பி தெரிய, மஞ்சளாக எரிந்தது.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப அது என்னது?"

"உங்க ஏரியாவுக்குக் கரண்ட் பத்தல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இருநூத்து முப்பது கேக்கற ஆம்ப்புக்கு நூத்து எண்பது வந்தா அடிச்ச உடனே அதால எழுந்திருக்க முடியாது."

"இருபத்தெட்டு வருஷமா நான் கும்பிட்டுக்கிட்டிருந்தது லோ வோல்டேஜையா?"

"ஆமா."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அலுத்துப்போய் நின்றது. பழைய ஆம்ப்பின் உரிந்த தோலை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் கொடுக்காத ஆம்ப். அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதான் கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றி வைத்திருந்தார்.

தில்ஷாத் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தக் கருவியை எடுத்துட்டுப் போங்க. நூத்து எண்பதுக்குக் கீழே விடாதீங்க, வால்வு போயிடும். எந்த ஆம்ப்பா இருந்தாலும் சரி."

"ஆம்ப்புக்கு ஆச்சு," என்றார் மகிமைதாஸ். மூடி வைத்திருந்த கையை அவள் முன்னால் விரித்துக் காட்டினார். "இதுக்கு?"

அவள் வீங்கிய கணுவைப் பார்த்தாள். தொடவில்லை.

"முன்ன மாதிரி இது போய் விழாது வாத்தியாரே. சுரத்தைப் பிடிக்கறதுக்குள்ள பாட்டு என்னைத் தாண்டிப் போயிடும். பியூலா ஊரைவிட்டுப் போற அன்னிக்கு, மூணு பேர் எதிர்ல, நான் பின்னாலயே நொண்டிக்கிட்டு வரணுமா?"

அவள் கருவியின் திருகைப் பின்னோக்கித் திருப்பினாள். பல்பு சிவந்து, கறுத்து, அணைந்தது. அறை பழைய மத்தியான வெளிச்சத்துக்கு வந்தது.

"அன்னிக்கு மண்டபத்துல உங்க ஆம்ப்பும் லேட்டாத்தானே எழுந்திரிச்சது?"

"ஆமா."

"மத்தவங்க என்ன பண்ணாங்க?"

மகிமைதாஸ் யோசித்தார்.

"கிளாரன்ஸ் திட்டினான். உன் சத்தம் வந்து சேர்றதுக்குள்ள நான் போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம்டான்னு."

"திட்டிட்டு?"

"திட்டிட்டு..." அவர் நிறுத்தினார். "வேகத்தைக் குறைச்சான். அவன் குறைச்சதும் பியூலாவும் நிறுத்தி நிறுத்திப் பாடினா. அந்தப் பாட்டு முதல்ல அவ்வளவு மெதுவான பாட்டே இல்ல."

தில்ஷாத் கருவியின் ஒயரைச் சுருட்டி, அவர் மடியில் வைத்தாள். மறுபடி பள்ளிவாசல் மைக் செட்டின் பக்கம் திரும்பி ஈயக்கோலை எடுத்தாள்.

"அப்ப கிளாரன்ஸ் அண்ணாவுக்குப் போன் போடுங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமையும் போய் டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க."